மஞ்சளும் நீலனும்: டர்பன் வீடொன்றின் கடல்நீர்த் தொட்டியில் மூண்ட மோதல் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

டர்பன் நகரின் தென்மேற்கே, சாட்ஸ்வர்த்தின் மேட்டுத் தெருவொன்றில் உள்ள வீட்டில் 2023ஆம் ஆண்டு மே மாதம் முதல் அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவரும் அவருடைய மனைவியும் பதின்மூன்று வயதுப் பேரனும் சேர்ந்து ஒரு கடல்நீர்த் தொட்டியை நான்கு ஆண்டுகளாகப் பராமரித்து வந்தார்கள். தொட்டியில் சிக்கல் மூண்ட மூன்றாம் நாள் என்னை அழைத்தார்கள். அன்றிலிருந்து நடந்தவற்றை நான் நேரில் பார்த்தேன். நான் அங்கே இல்லாத நாள்களைப் பற்றி எழுதுவதெல்லாம் பேரனின் குறிப்பேட்டிலிருந்து எடுத்தவை.

தொட்டி 150 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் 60 செ.மீ. உயரமும் கொண்டது. கண்ணாடிக் கணக்கில் 540 லிட்டர் வரும் என்றாலும், பாறைகள் அடைத்த இடத்தையும் மேல் விளிம்பு வரையுள்ள இடைவெளியையும் கழித்தால் ஏறத்தாழ 430 லிட்டர் நீர்தான் மீன்களுக்கு இருந்தது. வெப்பம் 26 பாகை, ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025. முன்பெல்லாம் கடற்கரையிலிருந்தே நீர் எடுத்து வந்திருக்கிறார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு கழிவுநீர் கலந்து கடற்கரைகள் மூடப்பட்டபோது அந்த வழக்கத்தைக் கைவிட்டு, உப்புப் பொடியைக் கரைத்துத் தாங்களே கடல்நீர் தயாரிக்கத் தொடங்கினார்கள். நான் போன அன்று செய்த சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை. ஆகவே இந்தச் சண்டைக்கு நீரின் கேடு காரணம் என்று சொல்ல வழியில்லை.

தொட்டியில் ஏற்கெனவே எட்டு மீன்கள் இருந்தன: ஓர் இணைக் கோமாளி மீன்கள், ஐந்து பச்சைக் குரோமிஸ்கள், ஏறத்தாழ 14 செ.மீ. நீளமுள்ள ஒரு பவுடர் ப்ளூ டேங். இவற்றோடு துப்புரவு இறால்கள் இரண்டும் சில நத்தைகளும் இருந்தன. பவுடர் ப்ளூ இந்தியப் பெருங்கடலுக்கே உரிய மீன். வெளிர்நீல உடலும் கறுத்த முகமும் மஞ்சள் முதுகுத்துடுப்பும் கொண்டது. வாலின் அடியில், இரு பக்கமும், மடக்குக் கத்திபோல் பள்ளத்துக்குள் ஒடுங்கி நிற்கும் முள் ஒன்று உண்டு. இந்தக் குடும்பத்து மீன்களைச் சர்ஜன் மீன் என்று அழைப்பது அந்த முள்ளால்தான். வீட்டுக்காரரின் மனைவி அதற்கு நீலன் என்று பெயர் வைத்திருந்தார். இந்தக் கட்டுரையிலும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

புதிய மீன் வந்த நாள்

மே 20, சனிக்கிழமை பிற்பகல், கடையிலிருந்து 8 செ.மீ. அளவுள்ள மஞ்சள் டேங் ஒன்று வந்தது. இது ஹவாய்த் தீவுகளையும் மேற்குப் பசிபிக்கின் சில தீவுகளையும் சேர்ந்த மீன். நீலனைவிடச் சிறியது, நிறத்திலும் வடிவத்திலும் வேறானது. நிறம் வேறாக இருப்பதால் சண்டை வராது என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். நிறத்தையும் உருவத்தையும் வைத்தே பல மீன்கள் எதிரியை அடையாளம் காண்கின்றன என்பதால் அந்தப் பேச்சில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இரண்டும் நாள் முழுவதும் பாறையில் பாசியைக் கொறித்துத் திரிபவை. ஒரே பயிரை நம்பியிருக்கும் இருவருக்கு உடையின் நிறம் வேறாக இருந்து என்ன பயன்?

பையை நீரில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்து, சொட்டுச் சொட்டாக நீர் சேர்த்து, விளக்கை அணைத்துவிட்டு மீனை விட்டார்கள். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. தனித்தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்க்காமல் நேரே உள்ளே விட்டதுதான் பின்னர் வந்த பெருந்துன்பத்துக்கு வாசல் திறந்தது என்பது என் கணிப்பு.

கால் மணி நேரம் கூட ஆகவில்லை, நீலன் முதுகுத்துடுப்பை நிமிர்த்தி, உடலைப் பக்கவாட்டில் திருப்பி, வாலை முன்னே வீசிப் புதிய மீனைத் தாக்கியது. ஞாயிறு காலையில் மஞ்சளின் இடது விலாவில் பிளேடால் கீறியதுபோல் இரண்டு நேர்க்கோடுகள் தெரிந்தன. வால் துடுப்பின் மேல்நுனி கிழிந்திருந்தது. ஒரு நண்பர் சொன்னதைக் கேட்டு, தொட்டியின் இடப்பக்கக் கண்ணாடியில் வெளியே முகம் பார்க்கும் கண்ணாடியொன்றை ஒட்டினார்கள். நீலன் தன் நிழலுருவத்தோடு சண்டையிட்டுக்கொண்டிருக்க, பகலில் மஞ்சளுக்கு ஓரளவு மூச்சு விட முடிந்தது. இரவில் நிலைமை மாறவில்லை.

பார்த்துப் பதிந்தவை

மே 23, செவ்வாய் மாலை நான் அங்கே போனபோது வீட்டுக்காரர் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். “தம்பி, இந்த நீலன் பொல்லாத சாதி. யாருக்காவது கொடுத்துடலாம்” என்றார். இரண்டு மாலைப்பொழுது அமர்ந்து பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்று கேட்டுக்கொண்டேன். இரண்டு ஆண்டுகளாகக் கோமாளி மீன்களையும் குரோமிஸ்களையும் தொடாத மீன் அது. அதன் குணம் ஒரே நாளில் மாறியிருக்க முடியாது. வேறு ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் சுழற்சி மின்வெட்டு மிகக் கடுமையாக இருந்த ஆண்டு 2023. அந்த வாரம் அந்தத் தெருவில் ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரமாக, நாளுக்கு ஓரிரு முறை மின்சாரம் நின்றது. செவ்வாயன்று நான்கு மணிக்குப் போன மின்சாரம் ஆறு மணிக்குத் திரும்பியது. விளக்குகள் ஒரே நொடியில் முழு வெளிச்சத்தோடு எரிந்தன. வலப்பக்கம், பாறை வளைவின் அடியில், இரண்டு கைப்பிடி அளவுள்ள ஒரு பொந்து இருந்தது. அதன் வாயில் மஞ்சள் டேங் நின்றுகொண்டிருந்தது. இருட்டில் அதன் மஞ்சள் மங்கி, விலாவில் பழுப்புத் திட்டும் நடுவே வெளிறிய பட்டையும் தெரிந்தன. இந்த மீனின் இரவுக் கோலம் அதுதான். அடுத்த இருபது நிமிடங்களில் நீலன் அதைப் பதினான்கு முறை துரத்தியது. ஒவ்வொரு முறையும் துரத்தல் அந்தப் பொந்தின் வாயில் தொடங்கியது அல்லது அங்கே வந்து முடிந்தது.

அதன் பிறகு அரை மணி நேரம் மூன்று நான்கு மோதல்களோடு கழிந்தது. ஏழு மணிக்குப் பேரன் நோரி என்னும் காய்ந்த கடற்பாசித் தாளை வழக்கமான பிடிப்பானில் செருகி முன்பக்கக் கண்ணாடியில் ஒட்டினான். மறுபடியும் தாக்குதல் கூடியது. தாள் தீரும்வரை ஒன்பது முறை துரத்தல் நடந்தது. தாள் தீர்ந்ததும் அடங்கியது.

டைமரைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது தற்செயல்தான். தொட்டியின் பின்புறம், மேசையின் கீழே, விளக்குக்கான டைமர் செருகப்பட்டிருந்தது. வட்டமான முகத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன ஊசிகள் கொண்ட பழைய வகை. சுவர்க்கடிகாரம் ஏழு மணி காட்டியபோது அது மூன்றைத் தாண்டிச் சற்றே நகர்ந்திருந்தது. மின்சாரம் நின்றால் அந்த டைமரும் நின்றுவிடும். திரும்பியதும் நின்ற இடத்திலிருந்து ஓடும். ஞாயிறு தோறும் அதைச் சரிசெய்வது அவர்கள் வழக்கம். இடைப்பட்ட நாள்களில் ஒவ்வொரு மின்வெட்டுக்கும் இரண்டு மணி நேரம் அது பின்தங்கிக்கொண்டே போனது. இரவு ஒன்பதுக்கு அணைய வேண்டிய விளக்கு அன்று நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு அணைந்தது. இதைச் சொன்னபோது வீட்டுக்காரரின் மனைவி, “அதான் பாருங்க, ஒரு நாளு பத்து மணிக்கு அணையுது, ஒரு நாளு நடுராத்திரி எழுந்தா எரியுது” என்றார். அவர் கவனித்ததை அதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

புதன் மாலையும் இதே ஒழுங்கைப் பார்த்தேன். பகலில் மோதல் குறைவு. நோரித் தாள் இருக்கும்போதும் இருட்டை ஒட்டிய நேரத்திலும் மிகுதி. அதாவது நீலன் தொட்டி முழுவதையும் காவல் காக்கவில்லை. ஒரு பிடிப்பானையும் ஒரு பொந்தையுமே காத்தது. பாறைகளைப் பின்கண்ணாடியோடு சுவர்போல் அடுக்கியிருந்ததால், இந்த அளவுள்ள மீன் உடலை நுழைத்துத் தூங்கக்கூடிய பொந்து அந்தத் தொட்டியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நீலன் இரண்டு ஆண்டுகளாக அதில் தூங்கி வந்தது. புதியதற்கும் வேறு போக்கிடமில்லை. பவளப்பாறையில் வாழும் மீன்கள் ஒளி மெல்லக் குறைவதைக் கண்டு பொழுது சாய்வதை அறிந்து, தத்தம் பொந்துகளைத் தேடிப் போகின்றன. இங்கோ எந்த நாள், எந்த நேரத்தில் பொழுது சாயும் என்பதே அவற்றுக்குத் தெரியவில்லை. மின்வெட்டில் இருட்டு திடீரென்று விழுந்தது, எந்த மீன் எங்கே இருந்ததோ அங்கே ஒதுங்கியது, வெளிச்சம் வந்ததும் ஒன்றையொன்று பொந்தின் வாயில் எதிர்கொண்டன.

மாலத்தீவுப் பகுதிப் பாறைகளில் இதே இன மீன்கள் சில வேளை பெருங்கூட்டமாகச் சேர்ந்து பாசி மேய்வதுண்டு. ஆகவே தன்னினத்தோடும் பிறவற்றோடும் சேரவே தெரியாத மீன் என்று இதைச் சொல்ல முடியாது. ஒன்றரை மீட்டர் நீளத்துக்குள், ஒரே பொந்தும் ஒரே உணவிடமும் வைத்து இரண்டு மீன்களை விட்டதுதான் இங்கே நடந்த தவறு.

முதல் முடிவுகளும் அவற்றின் பிழையும்

புதன் இரவே இரண்டு முடிவுகளை எடுத்தோம். முகம் பார்க்கும் கண்ணாடியை அகற்றினோம். சில மணி நேரத்துக்கு அது உதவும் என்றாலும், நாள் முழுவதும் தன் உருவத்தோடு போரிடும் மீன் உணவை மறந்துவிடும் என்பது என் அனுபவம். இரண்டாவதாக, மஞ்சளைத் தொட்டிக்குள்ளேயே தனியே அடைக்க முடிவு செய்தோம். கடையில் கிடைக்கும் துளையிட்ட பிரிப்புப் பெட்டிக்குக் காத்திருக்க நேரமில்லை. வீட்டுக்காரரின் மனைவி இன்னும் பயன்படுத்தாத, சோறு வடிக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் கூடையொன்றைக் கொண்டு வந்து கொடுத்தார். மேலே வலை கட்டி, தொட்டியின் விளிம்பில் தொங்கவிட்டோம். மீனைப் பிடிக்க வலையைத் தவிர்த்து, வாயகன்ற பாத்திரத்தில் நீரோடு முகந்தெடுத்தோம். வால்முள் வலையில் சிக்கினால் மீனும் கிழியும், கையும் கிழியும்.

இங்கே நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். விளிம்பில் கூடையை மாட்ட வசதியான கொக்கி வலப்பக்கம் இருந்தது என்பதற்காகக் கூடையை அங்கேயே தொங்கவிட்டேன். அது பொந்துக்கு நேர் மேலே அமைந்துவிட்டது. இரண்டு மாலை உட்கார்ந்து பொந்துதான் காரணம் என்று கண்டுபிடித்த பிறகும், கூடையின் இடத்தை மாற்ற எனக்குத் தோன்றவில்லை. நீலன் அடுத்த நான்கு நாளும் அந்தக் கூடையை முட்டிக்கொண்டே இருந்தது. முகத்தின் நுனித்தோல் உரிந்து வெண்மையாகத் தெரிந்தது. நோரித் தாளுக்கு வரவில்லை, வயிறு உள்வாங்கியது.

மே 27, சனிக்கிழமை, பாறைகளை இடம் மாற்றினோம். எல்லைகளைக் குலைத்தால் பழைய உரிமையும் குலையும் என்பது இத்துறையில் பலரும் சொல்லும் வழி. அது தவறான வழியன்று. ஆனால் நாங்கள் மீன்களை வெளியே எடுக்காமல், அவை உள்ளே இருக்கும்போதே பாறைகளைப் புரட்டினோம். நான்கு ஆண்டு அடிமண்டி கிளம்பி நீர் பால்போல் கலங்கியது. அன்றிரவு எட்டு மணிக்கு மின்சாரம் நின்றது. சுழற்சிப் பம்பு ஓடவில்லை. தூண்டில்காரர்கள் உயிர்த்தீனியைக் காப்பாற்றி வைக்கப் பயன்படுத்தும் பேட்டரிக் காற்றுப் பம்பு ஒன்றைப் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வந்து போட்டோம். மறுநாள் காலை ஒரு குரோமிஸ் இறந்து கிடந்தது. கடல்நீரில் கரையும் உயிர்வளி நன்னீரைவிடக் குறைவு. கலங்கிய நீரில் பம்பும் நின்றால் சிறிய மீன்கள்தான் முதலில் திணறும். அந்த மீனின் சாவுக்கு எங்கள் அவசரமே காரணம் என்று கருதுகிறேன்.

மே 29 அன்று கூடையை இடக்கோடிக்கு மாற்றினோம். இரண்டாவது நோரிப் பிடிப்பான் ஒன்றை எதிர்ப்பக்கத்தில் வைத்தோம். அன்று மாலையே நீலன் தின்னத் தொடங்கியது. ஜூன் 3 அன்று மஞ்சளைத் திறந்துவிட்டபோது துரத்தல் இருந்தது, வெட்டு இல்லை. சிக்கல் தீர்ந்துவிடும் என்று அன்று நம்பினோம்.

நோய்

ஜூன் 7 அன்று பேரன் படம் எடுத்து அனுப்பினான். நீலனின் நெஞ்சுத்துடுப்பில் ரவை தூவியதுபோல் ஏழெட்டு வெள்ளைப் புள்ளிகள். 9ஆம் தேதி மஞ்சளிலும் ஒரு கோமாளி மீனிலும் புள்ளிகள் தெரிந்தன. கடல்மீன் வெண்புள்ளி நோய். கிரிப்டோகேரியன் என்னும் ஒட்டுயிரியால் வருவது. பவுடர் ப்ளூ இந்த நோய்க்கு எளிதில் இரையாகும் மீன் என்பது வளர்ப்போர் அனைவரும் அறிந்தது. பசியும் ஓயாத சண்டையும் அதன் தாங்கும் ஆற்றலை மேலும் குறைத்திருக்கும்.

இந்த ஒட்டுயிரி சில நாள் மீனின் தோலுக்கடியில் தங்கித் தின்று கொழுத்தபின் மீனைவிட்டு இறங்கி, மணலிலும் பாறையிலும் கூடு கட்டி, உள்ளே பலவாகப் பிளந்து பெருகும். கூட்டிலிருந்து குஞ்சுகள் பெரும்பாலும் இருட்டு நேரத்திலேயே வெளிவருகின்றன; மீன்கள் அசையாமல் பொந்துக்குள் பாறையை ஒட்டிக் கிடக்கும் நேரம் அது. ஆகவே இரண்டு மீன்கள் மாறி மாறி நுழைந்து வந்த அந்த ஒற்றைப் பொந்து சண்டைக்கு மட்டுமன்றி, நோய் பெருகவும் ஏற்ற இடமாக இருந்திருக்கும் என்று எண்ணுகிறேன்.

பக்கத்து வீட்டார் ஒருவர், இவ்வளவு தொல்லை எதற்கு, கொண்டுபோய்க் கடலில் விட்டுவிடலாமே, நீலன் இந்தக் கடல் மீன்தானே என்று நல்ல எண்ணத்தோடு சொன்னார். அதை உறுதியாக மறுத்தோம். வேற்றுக் கடல்களின் மீன்களோடு ஒரே தொட்டியில் நோயுற்ற மீனைப் பாறைகளில் விடுவது, நோயையும் சேர்த்து விடுவதாகும். மஞ்சளோ இந்தக் கடலைச் சேர்ந்ததே அன்று. நம் பக்கத்துச் சிங்கமீன் இன்று மேற்கு அட்லாண்டிக்கிலும் கரீபியக் கடலிலும் பெருகி அங்குள்ள சிறுமீன்களை அழிக்கிறது. அதற்குத் தொட்டிகளிலிருந்து விடப்பட்ட மீன்களே காரணம் என்று கருதப்படுகிறது.

எழுபத்தாறு நாள்கள்

மீன்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தனித்தொட்டிகளில் காப்பர் மருந்து கொடுப்பது, பெரிய தொட்டியை மீனின்றி 76 நாள் வெறுமனே விடுவது என்று முடிவெடுத்தோம். கூடுகளிலிருந்து வெளிவரும் ஒட்டுயிரிகள் மீன் கிடைக்காமல் மடிய அவ்வளவு காலம் விடுவதே பாதுகாப்பு. காப்பர் இறாலையும் நத்தையையும் கொல்லும் என்பதால் பெரிய தொட்டியில் அதை ஊற்ற வழியில்லை; அவை அங்கேயே இருந்தன. ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை எட்டு மீன்களும் வெளியேறின. கணக்குப்படி ஆகஸ்ட் 26 சனிக்கிழமை திரும்பலாம்.

வண்டிக்கொட்டகையில் 100 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிகள் மூன்று வைத்தோம். நீலனுக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று, கோமாளிகளுக்கும் நான்கு குரோமிஸ்களுக்கும் ஒன்று. ஒதுங்க பி.வி.சி. குழாய்த் துண்டுகள் போட்டோம். சர்ஜன் மீன்கள் காப்பரை எளிதில் தாங்குவதில்லை என்பதால், உறையில் குறித்த அளவை மூன்று நாளில் சிறிது சிறிதாக எட்டி, பிறகு 30 நாள் அதே அளவில் நிறுத்தினோம். நாள்தோறும் காப்பர் அளவையும் அம்மோனியாவையும் சோதிப்பது பேரனின் பொறுப்பு. ஒரு நாளும் தவறாமல் செய்தான்.

ஜூன் மாத இரவுகளில் மின்வெட்டின்போது ஹீட்டர் நின்றுவிடும். பெரிய தொட்டி அதைத் தாங்கியது, இந்தச் சிறிய தொட்டிகள் தாங்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் 26 பாகையிலிருந்து 24க்கு இறங்கின. வீட்டுக்காரரின் மனைவி பழைய கம்பளிகளை மூன்று தொட்டிகளுக்கும் சுற்றிக் கயிற்றால் கட்டினார். அதன் பிறகு ஒரு பாகைக்கு மேல் இறங்கவில்லை. வேறு மீன் எதுவும் இறக்கவில்லை.

பெரிய தொட்டி காலியாக இருந்த காலத்தை வீணாக்கவில்லை. பின்கண்ணாடியை ஒட்டிய பாறைச்சுவரைக் கலைத்து, இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக, ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பார்க்க முடியாதபடி இரண்டு குன்றுகள் அமைத்தோம். ஒவ்வொன்றிலும் இரு வாய் கொண்ட பொந்துகள் இரண்டு. இரு வாய் வேண்டும் என்று நான் வற்புறுத்தியதற்குக் காரணம் உண்டு: ஒரு வாய் மட்டும் இருந்தால், துரத்தப்பட்ட மீன் உள்ளே மாட்டிக்கொள்ளும். ஊசி டைமரை எறிந்துவிட்டு, மின்சாரம் நின்றாலும் உள்ளே பேட்டரியால் நேரம் தப்பாமல் ஓடும் டிஜிட்டல் டைமர் வாங்கினோம். பெரிய விளக்கு எட்டரைக்கு அணையும்; சிறு நீல விளக்கு மட்டும் ஒன்பது வரை எரியும். சிறிய இன்வெர்ட்டர் ஒன்றில் சுழற்சிப் பம்பையும் அந்த நீல விளக்கையும் இணைத்தோம். மின்வெட்டில் இருட்டு திடீரென்று விழாதிருக்க அதுவே செய்தது. செலவில் பெரியது அந்த இன்வெர்ட்டர்தான். ஒரு மீனுக்காக வாங்குவதா என்று வீட்டுக்காரர் ஒரு வாரம் யோசித்த பிறகே வாங்கினார்.

திரும்பச் சேர்த்தல்

சேர்க்கும் வரிசையை இம்முறை தலைகீழாக்கினோம். ஆகஸ்ட் 26 அன்று கோமாளிகளும் குரோமிஸ்களும் மஞ்சளும் உள்ளே போயின. மஞ்சள் அன்று மாலையே வலக்குன்றின் கீழ்ப்பொந்தைத் தேர்ந்தெடுத்தது. இரண்டு வாரம் அது தன் இடத்தில் வேரூன்றட்டும் என்று விட்டோம். செப்டம்பர் 9 அன்று நீலனைக் கூடையில் அடைத்து இடக்கோடியில் தொங்கவிட்டோம். இப்போது வெளியே இருந்து வந்து கூடையை முட்டியது மஞ்சள்தான்! மூன்றாம் நாளுக்குப் பிறகு முட்டுவதும் நின்றது.

செப்டம்பர் 14, வியாழக்கிழமை, கூடையைத் திறந்தோம். புது மீனை விளக்கு அணைத்தபின் விடுவதே பொதுவான வழக்கம். இங்கே அதற்கு மாறாகக் காலையில், விளக்கு எரியத் தொடங்கிய அரை மணிக்குள் விட்டோம். இந்தத் தொட்டியில் சண்டையின் உச்சம் பொழுது சாயும் நேரம் என்பதைப் பார்த்திருந்தோம். அதற்குள் தனக்கொரு பொந்தைத் தேடிக்கொள்ள நீலனுக்கு ஒரு முழுப் பகல் வேண்டும் என்பது என் வாதம். முதல் ஒரு மணி நேரத்தில் மஞ்சள் அதைப் பதினோரு முறை துரத்தியது. நீலன் இருமுறை வாலைத் திருப்பியது, வெட்டவில்லை. பிற்பகல் மூன்று மணியளவில் இடக்குன்றின் மேல்பொந்துக்குள் நுழைந்து மறுவாயால் வெளிவந்தது, மீண்டும் நுழைந்தது, இப்படி ஐந்தாறு முறை. எட்டரைக்குப் பெரிய விளக்கு அணைந்ததும், நீல வெளிச்சத்தில், மஞ்சள் வலப்பக்கம் இறங்கியது, நீலன் இடப்பக்கம் ஏறியது. நால்வரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அரை மணி நேரத்தில் ஒரு துரத்தலும் இல்லை.

அடுத்த சில நாளில் புரட்டாசி பிறந்தது. வீட்டில் மீனோ இறாலோ நுழையாத மாதம் அது. மீன்களுக்கான உறைந்த இறால் தீனியைச் சமையலறையிலிருந்து கொட்டகைக் குளிர்ப்பெட்டிக்கு மாற்றினார்கள். நாளுக்கு மூன்று வேளை, இரண்டு பக்கத்திலும், என்ற முறை மட்டும் தப்பவில்லை. ஐந்தாம் நாள் நீலன் தன் பக்கப் பிடிப்பானில் நோரி தின்றது.

அதன் பிறகு

இரண்டும் ஏழு மாதம் ஒன்றாக வாழ்ந்தன. மாலை வேளையில் தொட்டியின் நடுவே எதிரெதிரே நின்று துடுப்பை விரித்துக் காட்டிவிட்டுப் பிரிவது வழக்கமாயிற்று. மஞ்சளின் விலாவில் இருந்த கீறல்கள் மறைந்தன; வால்துடுப்பின் மேல்நுனியில் சிறு பள்ளம் மட்டும் நிலைத்துவிட்டது. வெண்புள்ளி திரும்பவில்லை.

2024 பிப்ரவரியில் நீலன் 17 செ.மீ. எட்டியிருந்தது. குறுக்கும் நெடுக்குமாக ஓயாமல் நீந்தத் தொடங்கியது. ஒருமுறை கோமாளி மீனைத் துரத்தியதும் குறிப்பேட்டில் உள்ளது. இந்த இனத்துக்கு 180 செ.மீ. நீளமாவது வேண்டும் என்று நான் முதலிலேயே சொல்லியிருந்தேன். டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் 240 செ.மீ. தொட்டி வைத்திருக்கும் ஒருவர் ஏற்றுக்கொள்ள முன்வந்தார். சண்டை முற்றிய பிறகு விரட்டுவதைவிட, அமைதியாக இருக்கும்போதே இடம் மாற்றுவது நீலனுக்கும் நல்லது என்று மூவரும் ஒத்துக்கொண்டார்கள். ஏப்ரலில் நீலன் போயிற்று. அதற்குப் பிந்தைய மூன்று வாரமும் மஞ்சள் இடக்குன்றின் மேல்பொந்துப் பக்கம் போகவே இல்லை என்று பேரன் எழுதியிருக்கிறான்.

மறுமுறை என்றால்

தனித்தொட்டிக் காப்பு இல்லாமல் எந்த மீனையும் உள்ளே விடமாட்டோம். இதைச் செய்திருந்தால் 76 நாளும் காப்பரும் தேவைப்பட்டிருக்காது என்றே நம்புகிறேன். நோய்தான் எங்களைப் பாறைகளை முறையாகக் கலைக்கவும் வரிசையை மாற்றவும் வைத்தது என்பது உண்மை. ஆனால் அந்த இரண்டையும் நோயின்றியே செய்திருக்கலாம். நீலனை மட்டும் இரண்டு வாரம் வெளியே எடுத்து, பாறைகளை மாற்றி, மஞ்சள் நிலைகொண்ட பின் திருப்பி விட்டிருந்தால் போதும். மே 23 அன்று கையில் இருந்த ஒரே பிளாஸ்டிக் தொட்டியில் அதைச் செய்ய முடிந்திருக்கும். வெளியே எடுத்தால் நீலன் நோய்வாய்ப்படும் என்று அஞ்சினேன். உள்ளே வைத்திருந்தும் நோய் வந்தது.

கூடையை எங்கே தொங்கவிடுகிறோம் என்பதைக் கொக்கி தீர்மானிக்க விடமாட்டேன். மீன்கள் உள்ளே இருக்கும்போது பழைய பாறையைப் புரட்டமாட்டேன்; மின்வெட்டு அட்டவணையைப் பார்க்காமல் அப்படி எந்த வேலையையும் தொடங்கவும் மாட்டேன்.

அந்த வீட்டில் அடுத்ததாக ஓரா மீன் ஒன்று வாங்கும் எண்ணம் இருக்கிறது. அதுவும் பாசி மேய்வதுதான், வடிவம் வேறு. கொட்டகையில் 100 லிட்டர் தொட்டி ஒன்று ஏற்கெனவே கழுவி நீர் நிரப்பி ஓடிக்கொண்டிருக்கிறது. கம்பளி அதன்மேல் மடித்துக் கிடக்கிறது. பேரன் இரண்டு மாலை உட்கார்ந்து, எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையே எந்த மீன் எந்தப் பொந்துக்குப் போகிறது என்று வரைந்து வைத்திருக்கிறான். இடக்குன்றின் மேல்பொந்தில் மட்டும் யாரும் இல்லை.